உள்ள வந்து கேட்டிருக்கலாமுங்க

இல்லீங்க, எனக்கு அந்தத் தம்பி மேல கோபமே கிடையாதுங்க. அதா, பச்சைப் பனியன், பதினொண்ணாம் நம்பர், பந்தைத் தட்டிக்கிட்டு வர்றானே, அவனைத்தான் சொல்றேன். அவன் ஃப்ரீ த்ரோ போடறப்ப நான் விசிலடிச்சேன்னு திரும்பிப் பார்த்தீங்கல்ல, அதுக்காகச் சொல்றேன். அது விசில் இல்லீங்க. பல்லுல கடலைத் தோலு மாட்டிக்கிச்சு, ஊதி எடுத்தேன்.

நீங்களும் ரெண்டு கடலை எடுத்துக்கங்க. பாஸ்கெட்பால் பார்க்க வந்தவராட்டம் தெரியலையே? மழைக்கு ஒதுங்கினீங்களா? அட, நல்லதாப் போச்சு. உக்காருங்க. கோயமுத்தூர் மழை அரை மணி நேரத்துக்கு விடாது.

சிவப்புப் பனியன் நம்ம டீமுங்க. பொள்ளாச்சி பருந்துகள். பச்சை தூத்துக்குடி. அஞ்சு பாயிண்ட் அவங்க முன்னால இருக்காங்க, பரவால்ல, மூணாவது குவார்ட்டர்தான் நடக்குது. மொத்தம் நாலு குவார்ட்டரு. என்ற பேரு நாச்சிமுத்து. பாலக்காட்டு ரோட்டுல மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கேன். ஆனா நாலு வருசமாப் பட்டறையை ஆளுக பார்த்துக்கறாங்க, நான் டீமைப் பார்த்துக்கறேன். மேனேஜருங்க. ஓனரு தென்னைநார் மில்லுக்காரரு. கோப்பை ஜெயிச்சா போட்டோவுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் வந்ததில்லை.

மேனேஜர் எதுக்கு கேலரியில உக்காந்திருக்கேன்னு பார்க்கறீங்களா? இங்கிருந்து பார்த்தாத்தான் ஆட்டம் முழுசாத் தெரியுமுங்க.

அந்தத் தம்பி பேரு பிரிட்டோ. தூத்துக்குடிக்காரன். நாலு வருசத்துக்கு முன்னால நான்தான் போய்க் கூட்டியாந்தேன். பந்தைக் கொண்டு போய் யாரு கையில குடுக்கணும், எப்பக் குடுக்கணும்னு முடிவு பண்ற எடம் ஒண்ணு இருக்குதுங்க பாஸ்கெட்பால்ல. அந்த எடத்துக்கு அவன மாதிரி ஒருத்தன் இந்த லீக்லயே கிடையாது. ரெண்டு வருசம் எங்க டீமைத் தூக்கி நிறுத்தினான். பொள்ளாச்சியில சந்தைக்குப் போனா தேங்கா வியாபாரிக எந்திரிச்சு நின்னு கும்பிடு போடுவாங்க. எனக்கில்லீங்க, அவனுக்கு. நான் கூடப் போவேன், அவ்வளவுதான்.

மூணாவது வருசம் சஞ்சித் டீமுக்கு வந்தான். அதா, சிவப்புல நாலாம் நம்பர். என்ற அக்கா பையன். ஐயோ, நான் சிபாரிசு எல்லாம் பண்ணலீங்க. கோச்சுகிட்ட, "பையன் நல்லா ஆடறானுங்க, பார்த்துக்கங்க"ன்னு சொன்னேன். ஒரு நாலஞ்சு தடவை சொல்லியிருப்பேன். கோச்சுக்கு வீட்டு மோட்டார் புகைஞ்சு போய் பட்டறைக்கு வந்தப்ப ஒருக்கா சொன்னேன். இதுக்குப் பேரு சிபாரிசுங்களா?

சஞ்சித்தும் பிரிட்டோவும் ஒரே எடத்துக்கு ஆடறவங்க. ஒரே நேரத்துல ரெண்டு டிரைவர் ஒரு பஸ்ஸை ஓட்ட முடியாதுங்கல்ல. அதனால பிரிட்டோ கொஞ்சம் பெஞ்சுல உக்கார வேண்டியதாப் போச்சு. மொதல்ல ஒரு குவார்ட்டர் உக்காந்தான். அப்புறம் ரெண்டு. அப்புறம் கடைசி மூணு நிமிசம் எறக்குவாங்க. அதும் நாங்க இருவது பாயிண்ட் பின்னால இருந்தாத்தான்.

அந்த வருசம் அடிக்கடி இருவது பாயிண்ட் பின்னால இருந்தோமுங்க.

பாருங்க, பாருங்க... அடச்சே. பந்தைப் பறிச்சுட்டான். சஞ்சித்து, குனிஞ்சு தட்டு கண்ணு! என்ன சொன்னாலும் கீழ கேட்காது.

அப்பத்தான் பிரிட்டோ வந்து கேட்டான். நீங்க விதியைத் தெரிஞ்சுக்கோணும், அப்பத்தான் கதை புரியும். எங்க லீக்ல பத்தொன்பதாம் விதின்னு ஒண்ணு இருக்கு. ஆட்டக்காரன் ஒரு டீமோட ஒப்பந்தத்துல இருக்கறப்ப, "என்னை வேற டீமுக்கு மாத்துங்க"ன்னு கேட்கலாம். தப்பே இல்லை. ஆனா உள்ள வந்து கேட்கோணும். டீம் நிர்வாகத்துகிட்ட. வெளிய, ஊரறிய, பேப்பர்ல, டிவியில, மைக்குல கேட்கக் கூடாது. கேட்டா ரெண்டு ஆட்டம் தடை. சரியான விதிதானுங்களே? குடும்பத்துல ஒரு சங்கடம்னா உள்ள பேசோணும், தெருவுல நின்னு பேசினா ஊரு சிரிக்கும். இந்த விதி வந்த கூட்டத்துல மொதக் கை தூக்குனவனே நான்தான்.

அவன் மொதத் தடவை கேட்டது பிராக்டிஸ் முடிஞ்சு பனியனைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப. "அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு சீசன் ஆடத்தான் கால்ல தெம்பு இருக்கு. அத பெஞ்சுல உக்காந்தே கழிச்சிருவேனோன்னு பயமா இருக்கு. என்னைய வேற டீமுக்கு விட்டுருங்களேன்"னான். எனக்கு மனசு கேட்கலை. தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போய் வாழைக்கா பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். பொறுமைன்னா என்னன்னு ஒரு முக்கா மணி நேரம் எடுத்துச் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டான். பஜ்ஜியத்தான் திங்கலை.

ரெண்டாவது தடவை திண்டுக்கல்லுல ஆட்டம் முடிஞ்சு வர்ற வழியில, பஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணாச்சி, அந்தக் காரியம்..."ன்னான். "தம்பி, பஸ்ஸுல எல்லாரும் இருக்காங்க. இது உள்ள பேசற விசயம். விதி இருக்கு"ன்னேன். "எல்லாரும் தூங்குதாங்க அண்ணாச்சி"ன்னான். "தூங்கற மாதிரி இருப்பாங்க"ன்னு சொல்லி நானும் கண்ணை மூடிக்கிட்டேன். தூங்கிட்டேனா, தூங்கற மாதிரி இருந்தேனா, எனக்கே ஞாபகமில்லீங்க.

மூணாவது தடவை கடுதாசியா எழுதிக்கிட்டே வந்துட்டான். கையில வாங்கினேன். வாங்கினதும் எனக்குத் திக்குன்னுச்சு. ஏன்னு கேளுங்க. பொருள்னு போட்டு, "அணி மாறுதல் தொடர்பாக"ன்னு எழுதியிருக்கான். தொடர்பாகங்கறது சும்மா ஒரு விசயத்தைப் பத்திப் பேசறதுக்குங்க. ஒண்ணு வேணும்னு கேட்டா "வேண்டி"ன்னு எழுதோணும். கீழ தேதி இல்லை. "மதிப்பிற்குரிய"வுல ஒரு எழுத்தைக் காணோம். எனக்குப் படிச்ச காலத்துல இருந்தே தமிழ்ல பிழை இருந்தாக் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனா எடுத்து எல்லாத்தையும் திருத்தி, "இப்படி எழுதிக் கொண்டா"ன்னு குடுத்தேன். அவன் அதை வாங்கிப் பார்த்துட்டு, என்னையப் பார்த்துட்டு, "இதையே வெச்சுக்கங்க அண்ணாச்சி"ன்னு மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டான். நான் ஃபைல்ல போட்டு வெச்சேன். எதையும் தொலைக்கற பழக்கம் எனக்கில்லை.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு அந்த ஸ்கூல் விழா வந்துச்சு. பொள்ளாச்சிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல விளையாட்டு விழா. பிரிட்டோவைச் சிறப்பு விருந்தாளியாக் கூப்பிட்டாங்க. நான் பக்கத்து நாற்காலி. அவன் பரிசெல்லாம் குடுத்துட்டு மைக்கைப் பிடிச்சுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னான். ஒரு பாப்பா எந்திரிச்சுது. ஏழாங்கிளாஸ் இருக்கும். ரெட்டைச் சடை. "அண்ணா, போன மூணு ஆட்டத்துக்கு உங்களைப் பார்க்கத்தான் எங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். நீங்க ஆடவே இல்லையே, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுச்சு.

இவன் என்ன சொல்லோணும்? ஆமா பாப்பா, முட்டி வலின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ரெண்டு அடி முன்னால வந்தான். அப்புறம் சொன்னான்: "உடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி. பொய் சொல்ல மனசு வரல. எனக்கு ஆடணும். இந்த டீம்ல ஆட எடம் இல்ல. என்னைய வேற டீமுக்கு விட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மைக்குலீங்க! எட்டு ஸ்பீக்கர்ல! பிள்ளைக எல்லாம் கை தட்டுச்சுக. யாரோ ஒரு தகப்பன் அதைப் போன்ல எடுத்து விட்டுட்டாரு. ராத்திரிக்குள்ள தமிழ்நாடே பார்த்துருச்சு. அந்த வீடியோவுல நானும் தெரியறேன். எல்லாரும் தட்டினாங்களேன்னு நானும் தட்டிக்கிட்டு இருக்கேன். அந்நேரம் எனக்கு ஒரு போன் வந்திருந்துச்சுங்க, என்ன பேசறான்னு கவனிக்கலை. என்ற வீட்டுக்காரி அந்த எடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தா. "நீங்க ஒருத்தர்தான் சத்தமாத் தட்டறீங்க"ன்னா.

நான் என்ன பண்ணோணும்? விதின்னா விதிதானே. லீக்குக்குப் புகார் எழுதினேன். ஆறு பக்கம். ஒரு பிழை கிடையாது.

விசாரணை இங்கயே கோயமுத்தூர்லதான், லீக் ஆபீஸ்ல. செயலாளர் சூடாமணி அம்மான்னு ஒரு வக்கீலு. ஒரு காலத்துல நல்லா ஆடினவங்க, கதவுல குனிஞ்சுதான் உள்ள வருவாங்க. ஸ்கூல் மைதானம் எப்படிப் பொது இடம் ஆகும்னு அவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சு வெச்சிருந்தேன். கேட்கவே இல்லை. ஏன்னா இந்தப் பிரிட்டோ எடுத்த எடுப்புல, "மைக்குல சொன்னது தப்புத்தாம்மா. விதி தெரிஞ்சுதான் சொன்னேன். தண்டனையக் குடுங்க"ன்னுட்டான். என்ற வாதமெல்லாம் வீணு.

அந்தம்மா அவனைப் பார்த்து, "உள்ள கேட்டீங்களா?"ன்னாங்க.

"மூணு தடவை கேட்டேம்மா. ஒரு தடவை எழுதியே குடுத்தேன்."

என்னால பொறுக்க முடியலீங்க. எந்திரிச்சு, "கேட்டானுங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா முறையாக் கேட்கலை. நீங்களே பாருங்க"ன்னு ஃபைலைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்து மேசை மேல வெச்சேன். நானே வெச்சேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. பேனாவால ஒவ்வொண்ணா எண்ணினாங்க.

"ஏனுங்க சார், பதினாலு எடத்துல திருத்தியிருக்கீங்க."

"ஆமாங்க"ன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

"படிச்சீங்களா?"

என்ன கேள்விங்க இது? படிக்காமத் திருத்த முடியுமா? அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். பிரிட்டோ தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். நான் ஃபைல் நாடாவைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

அப்புறம் அந்தம்மா விதிப் புத்தகத்துல அடுத்த பக்கத்தைத் திருப்பினாங்க. இருவதாம் விதி. ஆட்டக்காரன் எழுதிக் கேட்டா நிர்வாகம் பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லோணுமாம். முடியும்னாலும் முடியாதுன்னாலும். சொல்லலைன்னா, பொறுப்பானவரு ஒரு சீசனுக்கு ஆட்டம் நடக்கறப்ப டீம் பெஞ்சுல உக்காரக் கூடாதாம். இது எப்ப வந்துச்சுன்னே தெரியலீங்க. பத்தொன்பதாம் விதி வந்த அதே கூட்டத்துலதான் வந்துச்சுன்னாங்க. மொத விதிக்குக் கை தூக்கிட்டு நான் காபி குடிக்கப் போயிருந்தேன்.

ஆமாங்க. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன். ஆனா இங்கிருந்து ஆட்டம் நல்லாத் தெரியுதுங்கறதும் பொய்யில்லை.

அவனுக்கு ரெண்டு ஆட்டம் தடை, எனக்கு ஒரு சீசன். பார்த்தீங்களா நியாயத்தை? மைக்குல பேசினவனுக்கு ரெண்டு, வாயே திறக்காதவனுக்கு சீசன் பூராவும், பதினாலு ஆட்டம்! அப்புறம் ஓனருகிட்ட அந்தம்மாவே பேசி, தூத்துக்குடியில இருந்து ஒரு நெட்டைப் பையனை இங்க குடுத்துட்டு இவனை அங்க வாங்கிக்கிட்டாங்க. போற அன்னிக்குப் பட்டறைக்கு வந்தான். "வாரேன் அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீங்க. என்னைய இங்க கூட்டியாந்ததே நீங்கதான்"னான். "உள்ள வந்து கேட்டிருக்கலாம் தம்பி"ன்னேன். அவன் சிரிச்சான். எதுக்குச் சிரிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை.

அட, பேசிக்கிட்டே கடைசி குவார்ட்டருக்கு வந்துட்டோம். நாம ஒரே ஒரு பாயிண்ட்தான் பின்னால. பத்து செகண்டு இருக்கு. சஞ்சித்துகிட்ட பந்து. போடு... போடு கண்ணு... ஐயோ, அவன் ஏன் இங்க பார்க்கறான்? கேலரியைப் பார்க்காதடா, கூடையைப் பாரு! ஒவ்வொரு தடவையும் இப்படித்தானுங்க, பந்து கைக்கு வந்தா ஒரு நொடி நான் எங்க இருக்கேன்னு பார்ப்பான். மாமன் மேல அவ்வளவு பாசம்.

போச்சு. பறிச்சுட்டான் பிரிட்டோ. அவனே கொண்டு போறான்... குடுத்துட்டான்... கூடை. அவ்வளவுதான். முடிஞ்சுது.

இல்லீங்க, கை தட்டலை. கடலைத் தூசியைத் தட்டி விட்டேன்.

பாவம், சஞ்சித்து பெஞ்சுல துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்துட்டான். அடடே, இங்க பாருங்க, பிரிட்டோ படியேறி மேல வர்றான்! வா தம்பி, வா. நல்லா ஆடினே. சும்மா சொல்லக் கூடாது, போன வருசத்தைக் காட்டிலும் கால் நல்லா ஓடுது. இவரா, இவரு மழைக்கு ஒதுங்கினவரு, உன்னைப் பத்தித்தான் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

என்னது? சஞ்சித்தா? மெதுவாப் பேசு தம்பி, அடுத்த டீம் ஆட்டக்காரனைப் பத்தி இப்படி வெளிய பேசக் கூடாது, உனக்கும் விதி இருக்கு. என்ன? தூத்துக்குடி டீமுக்கு மாறோணுமா? அவனா கேட்டான்? உன்கிட்டயா? "பிரிட்டோ அண்ணங்கூட இருந்து கத்துக்கிடணும்"னானா?

இரு. ஒரு நிமிசம் இரு தம்பி.

அவன் ஏன் என்கிட்டச் சொல்லலை? என்ற அக்கா பையன். ஒரே காம்பவுண்டுல வீடு. நித்தமும் என்ற கார்லதான் வர்றான், போறான். என்கிட்டச் சொல்றதுக்கு அவனுக்கு என்ன?

மூணு மாசமாவா? கார்ல வர்றப்பவெல்லாம் சொல்லப் பார்த்தானா?

...ஆமாம். போன செவ்வாக்கெழமை கெணத்துக்கடவு தாண்டறப்ப, "மாமா, ஒண்ணு சொல்லட்டுமா"ன்னான். நான் அப்ப இந்த விசாரணைக் கதையைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். முடிச்சுடறேன் இருடான்னேன். வீடு வந்துருச்சு. அதுக்கு முந்தின வாரமும்... பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சேன்.

வேற என்ன சொன்னான்? சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். "மாமாவாலதான் டீம்ல இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு கூடையாவது நானாப் போட்டேன்னு எனக்கே தெரியணும்"னானா. அழுதானா?

சரி. சரி தம்பி. நீ போ, உங்க ஆளுக காத்துக்கிட்டு இருக்காங்க.

என்னங்க? இல்லீங்க, ஒண்ணுமில்லை. இந்தக் கடலைப் பொட்டலத்தை நீங்களே வெச்சுக்கங்க. மழை விட்டுருச்சாட்டம் இருக்கு, நீங்களும் கிளம்புங்க. எனக்குக் கொஞ்சம் கீழ போகோணும்.

கூடாதுன்னு யாரு சொன்னா? ஆட்டம் நடக்கறப்பத்தான் பெஞ்சுல உக்காரக் கூடாது. ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே. சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லீங்க. போய் அவன் பக்கத்துல உக்காரப் போறேன். அவனா எப்பத் துண்டை எடுக்கறானோ எடுக்கட்டும்.